சின்னவனின் குடல் பையும் சில படங்களும்

சாப்பிட்டுக்கொண்டே போன் பார்க்கிறவர்கள் இதைப் பிறகு படியுங்கள். குடல், மலம், ஆசனவாய் என்ற சொற்கள் நிறைய வரும். பதிவும் நீளம். முப்பத்தாறு வருஷம் வகுப்பறையில் கத்திய வாய், சுருக்கமாகச் சொல்ல வராது.

போன மாதம் என் சின்ன மகனுக்கு நடந்த ஆபரேஷனைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஐந்தாறு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஒரு தங்கை, தன் கணவருக்கு "பவுச்சோகிராம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அது என்ன, வலிக்குமா, அவசியம்தானா என்று கேட்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய என் விரல் ஒத்துழைக்காது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மகனிடம் கேட்டுவிட்டேன். "பேரைப் போடாம எழுதும்மா, யாருக்காவது உதவட்டும்" என்றான்.

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. இடைநிலை ஆசிரியை. ஐந்தாம் வகுப்புக்கு ஜீரண மண்டலம் நடத்தியதுதான் எனக்கும் குடலுக்கும் இருந்த சம்பந்தம். ஆறு மீட்டர் கயிற்றை ஒரு பிள்ளையிடம் கொடுத்து வகுப்பைச் சுற்றி நடக்கவிட்டு, "இவ்வளவு நீளம் உங்க வயித்துக்குள்ள மடிஞ்சு கிடக்கு" என்பேன். அதற்கு ஒன்றரை மீட்டரில் தடித்த கயிறு. அது பெருங்குடல். அந்த ஒன்றரை மீட்டர் என் வீட்டுக்குள் இப்படி விளையாடும் என்று அப்போது நினைத்தேனா?

2012இல் அவனுக்கு இருபத்துமூன்று வயது. மலத்தோடு ரத்தம் போனது. அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்றார்கள். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே பெருங்குடலின் உள்தோலைப் பகையாக நினைத்துத் தாக்கிப் புண்ணாக்குகிற வியாதி. ஐந்து வருஷம் மாத்திரை, ஸ்டீராய்டு, பிறகு நரம்பில் ஏற்றுகிற விலை உயர்ந்த மருந்து. கொஞ்ச நாள் கேட்கும், பிறகு கேட்காது. அதையெல்லாம் விரித்து எழுதினால் இந்தப் பதிவு முடியாது. 2017 ஆகஸ்டில் ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. சென்னையில் பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் முனையை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டினார்கள். ஸ்டோமா என்பது அதுதான். உயிர் பிழைத்தான். நாற்பத்தாறு கிலோ இருந்தவன் மூன்றே மாதத்தில் ஐம்பத்தெட்டு ஆனான்.

அடுத்த கட்டம்தான் இந்தப் பதிவின் விஷயம். 2018 ஜனவரியில் மிச்சமிருந்த மலக்குடலையும் எடுத்துவிட்டு, அவனுடைய சிறுகுடலாலேயே உள்ளே ஒரு பை செய்து, அதை ஆசனவாயோடு இணைத்தார்கள். மலம் வழக்கமான வழியிலேயே போகலாம், வெளியே பை வேண்டாம் என்பது திட்டம். இதைப் "பவுச்" என்றே எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

டாக்டர் பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே உருப்படியான பாடம், புரியாததைக் கையால் செய்து பார் என்பது. வீட்டுக்கு வந்து தலையணை உறை தைத்து மிஞ்சிய துணியில் நீளமாக ஒரு குழாய் தைத்தேன். அதன் கடைசி ஒன்றே கால் அடியைத் தூண்டில் முள் மாதிரி மேல்நோக்கி மடித்தேன். ஆங்கில எழுத்து 'ஜே' மாதிரி இருக்கும். இப்போது இரண்டு குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டும் ஒட்டுகிற இடத்தில் இரு பக்கமும் தையல் போட்டு, நடுவில் உள்ள தடுப்புச் சுவரைக் கத்தரித்தேன். இரண்டு ஒல்லிக் குழாய்கள் ஒரு அகலமான பை ஆகிவிட்டன! குட்டைக் காலின் நுனியை மூடித் தைத்தேன். அடியில் வளைந்த இடத்தில் ஒரு ஓட்டை போட்டேன். அந்த ஓட்டைதான் ஆசனவாயோடு சேர்கிற இடம். டாக்டர்கள் ஊசி நூலுக்குப் பதிலாக ஸ்டேப்ளர் வைத்து ஒரே அழுத்தில் தைத்து வெட்டிவிடுகிறார்கள். டைட்டானியத்தில் சின்னச் சின்ன பின்கள். அவை உள்ளேயே இருந்துவிடும். இந்தப் பின்களை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருவார்கள்.

தைத்து முடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. நீளமான தையல் ஒன்று, நுனியில் மூடிய தையல் ஒன்று, அடியில் வட்டமான தையல் ஒன்று. மூன்றில் எது விட்டாலும் மலம் உள்ளே ஒழுகும். டாக்டர்களுக்கும் அதே பயம்தான். அதனால் பை செய்த உடனே அதைப் பயன்படுத்த விடுவதில்லை. மேலே சிறுகுடலில் தற்காலிகமாக ஒரு ஸ்டோமா வைத்து மலத்தைத் திருப்பிவிட்டு, கீழே பையை ஆற விடுகிறார்கள். புதிதாகப் பூசிய தொட்டிக்குள் தண்ணீர் விடாமல் காய விடுவது போல. இரண்டு மூன்று மாதம் கழித்து மேல் ஸ்டோமாவை மூடினால் பை வேலை செய்யத் தொடங்கும்.

ஆறிவிட்டதா என்று எப்படித் தெரியும்? இடுப்பெலும்புக் கூட்டுக்குள், ஆழத்தில் இருக்கிற பை. அதற்காக எடுப்பதுதான் பவுச்சோகிராம்.

இந்த அறுவை முறையே பழசு இல்லை. 1969இல் ஸ்வீடனில் நில்ஸ் காக் என்ற அறுவை மருத்துவர் சிறுகுடலால் வயிற்றுக்குள் ஒரு பை செய்து காட்டினார். அந்தப் பையில் டியூப் போட்டுத்தான் மலத்தை வெளியே எடுக்க வேண்டும். 1978இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும் பையை ஆசனவாயோடு இணைத்துச் செய்ததை எழுதினார்கள். அவர்கள் செய்தது மூன்று மடிப்புப் பை. 1980இல் ஜப்பானின் உட்சுனோமியா இரண்டே மடிப்பில் 'ஜே' வடிவத்தில் செய்தார். என் மகனுக்கு வைத்தது அந்த வகை. நான் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த சமயத்தில்தான் இதெல்லாம் உலகத்தில் நடந்திருக்கிறது. என் அத்தை ஒருத்தி ரத்தபேதி என்ற பெயரில் இப்படியே இளைத்து இறந்துபோனாள். அவளுக்கு இருந்தது என்ன வியாதி என்று இனி யார் சொல்வது?

குடலை எக்ஸ்ரேயில் பார்க்கும் வித்தை அதைவிட மூத்தது. ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895. எலும்பு தெரிந்தது, குடல் தெரியவில்லை. அடுத்த வருஷமே அமெரிக்காவில் வால்டர் கேனன் என்ற மருத்துவ மாணவர், எக்ஸ் கதிரைத் தடுக்கிற பிஸ்மத் உப்பை உணவில் கலந்து ஒரு வாத்துக்குக் கொடுத்து, அது தொண்டைக்குள் இறங்குவதைத் திரையில் பார்த்தார். குழாய் தெரியாவிட்டால், குழாய்க்குள் தெரிகிற பொருளை ஊற்று. யோசனை அவ்வளவுதான். இன்றைக்கும் அதே யோசனைதான், பொருள்தான் மாறியிருக்கிறது.

வயிற்று எக்ஸ்ரேக்கு வெள்ளையாகக் குடிக்கக் கொடுப்பார்களே, பேரியம், பலருக்குத் தெரிந்திருக்கும். பவுச்சுக்கு அதை ஊற்றுவதில்லை. தையல் விட்டிருந்தால் அது வயிற்றறைக்குள் கசிந்து கடுமையான அழற்சியை உண்டாக்கும். உடம்பும் அதைக் கரைத்து வெளியேற்றாது. அதனால் தண்ணீரில் கரைகிற அயோடின் மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். கசிந்தாலும் உடம்பு உறிஞ்சிச் சிறுநீரில் அனுப்பிவிடும். உருளைக்கிழங்குத் துண்டில் சொட்டுவிட்டு, நீலமாகிறது பார், மாவுச்சத்து இருக்கிறது என்று நாம் பிள்ளைகளுக்குக் காட்டுகிற அந்த அயோடினேதான், வேறு சேர்மத்தில். கனமான அணு. எக்ஸ் கதிரைத் தடுக்கும்.

மார்ச் கடைசி வாரம் படம். என்னை உள்ளே விடவில்லை, அவனும் விரும்பவில்லை. இருபத்தெட்டு முடிந்த பையன், எந்த அம்மாவையும் அந்த அறைக்குள் விரும்பமாட்டான். ஆகவே உள்ளே நடந்தது அவன் சொன்னது.

முதலில் மருந்து ஊற்றாமலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். பின்கள் எங்கே இருக்கின்றன, முன்பே வெள்ளையாகத் தெரிவது எது என்று பார்த்து வைக்க. பிறகு ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மெல்லிய மிருதுவான ரப்பர் டியூபை ஜெல் தடவி ஆசனவாய் வழியாகச் செருகினார்கள். டியூப் நழுவாமலிருக்க அதன் நுனியில் ஒரு சின்ன பலூன் இருக்கும். அதை ஊதவில்லை. ஊதினால் புதுத் தையல் மேல் அழுத்தும், தையலில் ஓட்டை இருந்தால் பலூனே அதை அடைத்து மறைத்தும் விடும். மருந்தை மெதுவாக விட்டார்கள். வயிறு முட்டுகிற மாதிரி, உடனே கழிப்பறைக்குப் போக வேண்டும் என்கிற மாதிரி இருந்ததாம். வலி என்று சொல்ல முடியாது, கூச்சம்தான் அதிகம் என்றான். பை நிறைந்து மருந்து மேலே சிறுகுடலுக்குள் ஏறுகிறவரை திரையில் ஓடுகிற படமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேராக, பக்கவாட்டில், சாய்வாக என்று திருப்பித் திருப்பி எடுத்தார்கள். கடைசியில் கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லி, வெறும் பையோடு இன்னொரு படம். எல்லாம் அரை மணி நேரத்துக்குள்.

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு என் பங்குக்கு மூன்று: அயோடின் மருந்தோ ஊசியோ முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் டியூப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு பழைய துண்டும் மாற்றுக் கைலியும் எடுத்துப்போங்கள், மிச்ச மருந்து கொஞ்ச நேரம் ஒழுகும். பெண்களாக இருந்து கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

படங்களை எங்களுக்குக் காட்டியவர் ரேடியாலஜி டாக்டரம்மா. என்னிடம் படித்தவர் என்று எழுத ஆசைதான். இல்லை. ஆனால் நல்ல ஆசிரியை ஆகியிருப்பார். நேராக எடுத்த படத்தில் பை அழகாக, ஒரு சுரைக்காய் மாதிரி வெள்ளையாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அவர் அதை ஒதுக்கிவிட்டுப் பக்கவாட்டுப் படத்தை எடுத்தார். பைக்குப் பின்னால், வால் எலும்புப் பக்கமாக, மல்லிகைப்பூ கட்டுகிற நூல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு சென்டிமீட்டர் இருக்கும்.

"நேர்ப் படத்துல இது ஏன் தெரியல டாக்டர்?" என்றேன்.

"பையே மறைச்சுடும்மா. முன்னாடி அவ்வளவு வெள்ளை நிக்கும்போது பின்னாடி இருக்கிற நூல் எப்படித் தெரியும்?"

எங்கள் பள்ளிக்கூட குரூப் போட்டோ ஞாபகம் வந்தது. வளர்ந்த பையனுக்குப் பின்னால் நிற்கிற குட்டைப் பையன் வந்தானா வரவில்லையா என்று வருஷா வருஷம் சண்டை நடக்கும். பக்கத்திலிருந்து எடுத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

பிறகு கடைசிப் படத்தைக் காட்டினார். பை வடிந்துவிட்டது. அந்த நூல் மட்டும் அதே இடத்தில் நின்றது. பைக்குள் இருந்த மருந்தானால் அதுவும் வடிந்திருக்கும். வடியவில்லை என்றால் அது பைக்கு வெளியே, போக வழியில்லாத இடத்தில் இருக்கிறது.

அப்போதும் அவர் உடனே "லீக்" என்று எழுதிவிடவில்லை. அறுவை மருத்துவருக்குப் போன் போட்டு இணைப்பு எந்த உயரத்தில், ஸ்டேப்ளரா கைத்தையலா, குட்டைக் காலின் நுனி எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டார். ஏன் என்று கேட்டேன். 'ஜே'யின் மூடிய நுனி பையின் மேல் ஒரு காது மாதிரி துருத்திக்கொண்டு தெரியுமாம். மருந்து அதற்குள் போய் நின்றால் பார்க்கிறவர் கசிவு என்று நினைத்துவிடலாம். துணியில் ஒரு மடிப்பு விழுந்தாலும் அப்படித்தான். இவனுக்கு நூல் தெரிந்தது நுனியில் இல்லை, அடியில், வட்டத் தையலில். ஆகவே கசிவேதான்.

எந்தக் காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. ஆனாலும் ஸ்டோமாவை மூடுவது தள்ளிப்போனது. குறைந்தது மூன்று மாதம்.

உங்களுக்கு அது வெறும் மூன்று மாதம். ஸ்டோமா வைத்தவர்களுக்குத் தெரியும். மேல் ஸ்டோமாவில் வருவது தண்ணியாக வரும், ஜீரண நீரோடு. பை ஒட்டிய இடத்தில் தோல் வெந்துபோகும். பஸ்ஸில் பை விட்டுவிட்டால் இறங்கி ஓட வேண்டும். உப்பும் தண்ணீரும் சேர்ந்து போவதால் கால் இழுக்கும், உப்புக் கஞ்சி குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏப்ரல் இருபதாம் தேதி மூடிவிடுவார்கள் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தான். வேலைக்கும் சொல்லி வைத்திருந்தான். பொதிகையில் ஊர் திரும்புகிறவரை ஜன்னல் பக்கமே முகம். விருதுநகர் தாண்டிய பிறகு, "படமே எடுக்காம மூடியிருந்தா தெரிஞ்சே இருக்காதுல்ல?" என்றான். எனக்கும் அதே எண்ணம்தான் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை அறுவை மருத்துவரிடம் இதை நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இப்ப அந்த வழியா மலம் போகலைம்மா, அதனாலதான் அமைதியா இருக்கு. மூடியிருந்தா ஒவ்வொரு நாளும் அந்த நூல் வழியா அசுத்தம் உள்ள போயிருக்கும். இடுப்புக்குள்ள சீழ் பிடிச்சா பையையே எடுக்க வேண்டிய நிலைமை வரலாம். அப்புறம் வாழ்நாள் முழுக்க வெளிப்பைதான்." நியாயமாக அவர் இன்னொன்றும் சொன்னார். எல்லா அறுவை மருத்துவர்களும் எல்லாருக்கும் இந்தப் படம் எடுப்பதில்லை. தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு விரலால் சோதித்து, உள்ளே கேமரா விட்டுப் பார்த்தாலே போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது வைத்தியர்களுக்குள் நடக்கிற விவாதம். நான் என் மகனின் படத்தைப் பார்த்தவள். நான் எந்தக் கட்சி என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

நூலின் முனையில் சீழ் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எக்ஸ்ரே பையின் உள்ளே இருக்கும் மருந்தைத்தான் காட்டும். எம்.ஆர்.ஐ. பைக்கு வெளியே உள்ள கொழுப்பு, தசை, நீர்த் தேக்கம் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும். கதிர்வீச்சும் கிடையாது. வாழ்நாள் பூராவும் படம் எடுக்க வேண்டியிருக்கும் இளவயதுக்காரர்களுக்கு அது ஒரு பெரிய வசதி. சத்தம்தான் அரைக்கிற கிரைண்டருக்குள் தலையை விட்ட மாதிரி இருக்குமாம். உள்ளே பின்கள் இருக்கின்றனவே, காந்தம் இழுத்துவிடாதா என்று நான் பயந்தேன். டைட்டானியத்தை இழுக்காது என்றார்கள். தேக்கம் எதுவும் இல்லை. காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தோம்.

ஜூலையில் மறுபடியும் பவுச்சோகிராம். டாக்டரம்மா மார்ச் படத்தையும் ஜூலை படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் பக்கவாட்டுப் படம். ஒன்றில் நூல், ஒன்றில் இல்லை. கழிப்பறை போய்வந்த பிறகு எடுத்த படத்திலும் இல்லை. அவன் தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டான். ஆகஸ்டில் ஸ்டோமாவை மூடினார்கள்.

ஆரம்பத்தில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து தடவை போனான். ஒரு வருஷத்தில் அது ஆறாகக் குறைந்தது, ராத்திரி ஒரு தடவை. ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தான். இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

2021 நவம்பரில் அங்கே அவனுக்கு வயிற்று வலி, லேசான காய்ச்சல், மறுபடியும் பதினைந்து தடவை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டி, சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கிறான். ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். இடுப்புக்குழியில் காற்றும் திரவமும் கலந்த ஏழு சென்டிமீட்டர் தேக்கம், சீழ்க்கட்டியாக இருக்கலாம், உடனே அறுவை மருத்துவரைப் பார்க்கவும் என்று இருந்தது. அங்கே பார்த்த அறுவை மருத்துவர், இன்றைக்கே அட்மிட் ஆகிவிடுங்கள், ஊசி வைத்து உறிஞ்சிவிடலாம், முடியாவிட்டால் திறக்க வேண்டும் என்றிருக்கிறார்.

நான் அந்த ரிப்போர்ட்டை மூன்று தடவை படித்தேன். விடைத்தாள் திருத்திய கண். கீழே ஒரு வரி இருந்தது: மலக்குடல் சரியாகத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அதை எடுத்து நாலு வருஷம் ஆகப்போகிறதே! அப்படியானால் எழுதினவருக்கு ஆபரேஷன் நடந்ததே தெரியாது. மகனிடம் போன் போட்டு, ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டைப் படிக்கச் சொன்னேன். "வயிற்று வலி" என்று மட்டும் இருந்தது.

"ஊசி வைக்க விடாதடா. சி.டி.யை வாங்கிட்டு சென்னை டாக்டருக்குப் போன் போடு" என்றேன். அவனும் அதற்குள் போட்டிருந்தான். ராத்திரியே கார் பிடித்து, கூட வேலை பார்க்கிற தம்பியோடு சென்னை போய்ச் சேர்ந்தான். நான் காலையில் போய் இறங்கினேன்.

அதே டாக்டரம்மா. குறுந்தகட்டைப் போட்டு, படங்களை மேலிருந்து கீழாக உருட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி விரலால் தொட்டுக் காட்டினார். அந்த "சீழ்க்கட்டி"யின் சுவரில் வெள்ளைப் புள்ளிகள், சீராக, ஒரு சங்கிலி மாதிரி. "சீழ்க்கட்டிக்கு ஸ்டேப்ளர் பின் அடிச்சது யாரும்மா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. நிறைந்திருந்த பவுச்சையே சீழ்க்கட்டி என்று எழுதியிருக்கிறார்கள். சிறுகுடல் ஒன்று கீழிறங்கி அதற்குள் திறப்பதையும், அடியில் வட்டமாகப் பின்கள் இருப்பதையும் வரிசையாகக் காட்டினார். பிறகு பொறுமையாகப் பைக்கு வெளியே தேடினார். பவுச் வைத்தவர்களுக்கு உண்மையான சீழ்க்கட்டியும் வரும், பின் தெரிகிறது என்று மட்டும் நிம்மதியாகிவிடக் கூடாது என்றார். சுற்றியிருந்த கொழுப்பு சுத்தமாக இருந்தது. பையின் சுவர்தான் கொஞ்சம் தடித்திருந்தது. மறுநாள் கேமரா விட்டுப் பார்த்து, பைக்கு உள்ளே அழற்சி, பவுச்சைட்டிஸ் என்றார்கள். இந்தப் பை வைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மிக அதிகமாக வருகிற தொந்தரவே அதுதானாம். இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் மாத்திரை. சரியாகிவிட்டது. அந்தப் பைக்குள் ஊசி இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அதற்கு மட்டும் டாக்டரம்மா பதில் சொல்லவில்லை.

அந்த ஸ்கேன் சென்டர் டாக்டரைத் திட்ட வேண்டும் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு முழுக் கோபம் அவர் மேல் வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வயிறு பார்க்கிறாரோ. கடவுள் படைத்த குடல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மனுஷன் வெட்டி ஒட்டிய குடலை எவரும் சொல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வார்? கேள்வித்தாளைக் கொடுக்காமல் விடைத்தாளை மட்டும் திருத்தச் சொன்ன கதை. ஆனால் வயிற்றில் அவ்வளவு நீளத் தழும்பு இருக்கிறது, ஸ்டோமா மூடிய குழி இருக்கிறது. சீட்டு எழுதியவர் சட்டையைத் தூக்கிப் பார்த்து ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம். அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

அன்றிலிருந்து அவன் எந்த ஊருக்குப் போனாலும் பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். ஆபரேஷன் குறிப்பின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, 2018 ஜூலை பவுச்சோகிராமின் பக்கவாட்டுப் படம், நல்லா இருந்தபோது எடுத்த எம்.ஆர்.ஐ. குறுந்தகடு. நல்லா இருக்கும்போது எடுத்த படத்தைத்தான் ஜனங்கள் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இன்றைக்கு எடுத்த படத்தோடு ஒப்பிட டாக்டர்கள் முதலில் கேட்பது அதைத்தான். மேலே ஒரு வெள்ளைக் காகிதத்தில், அறுவை மருத்துவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாலு வரி: பெருங்குடலும் மலக்குடலும் இல்லை, இடுப்புக்குழியில் இருப்பது சிறுகுடலால் செய்த 'ஜே' பவுச், ஸ்டேப்ளர் தையல், ஆண்டு 2018. எந்த ஸ்கேனுக்குப் போனாலும் இந்தக் காகிதத்தை டெக்னீஷியனிடம் இல்லை, ரிப்போர்ட் எழுதுகிற டாக்டரிடம் போய்ச் சேருகிறதா என்று கேட்டுக் கொடுக்கிறான். முதலில் கூச்சப்பட்டான். இப்போது என்னை விடச் சத்தமாகக் கேட்கிறான்.

தலையணை உறைத் துணியில் தைத்தேனே ஒரு பை, அதை 2018 ஜூலையிலேயே டாக்டரம்மா வாங்கி வைத்துக்கொண்டார், வருகிறவர்களுக்குக் காட்டி விளக்க வசதியாக இருக்கிறது என்று. அது அழுக்காகி, இன்னொன்று கேட்டார். பிறகு ஸ்டோமா நர்ஸ் ஒன்று கேட்டார். போன வாரம் நாலாவது பையைத் தைத்தேன். கண் முன்போல் இல்லை, ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இந்த முறை துணி கறுப்பு, பின் வரிசைக்கு வெள்ளை நூல். ஸ்கேனில் எப்படித் தெரியுமோ அப்படியே. மூடிய நுனிக்கு மட்டும் சிவப்பு நூல் போட்டிருக்கிறேன்.